கொடி ஏறுவதற்குள் துபாய்

இது போன மார்கழியில் சிதம்பரத்தில் நடந்தது. துபாய் போய் வந்த கதை சொல்கிறேன் என்றால் எல்லோரும் உயரமான கட்டடத்தையும் ஒட்டகத்தையும் எதிர்பார்க்கிறார்கள். அதெல்லாமும் வரும். ஆனால் அந்தப் பயணத்தில் மறக்க முடியாத இடம் எது என்று கேட்டால், சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் வழியில் இருக்கிற வெள்ளாற்றுப் பாலம் என்றுதான் சொல்வேன். பஸ்ஸில் போகிறவர்கள் தூக்கத்திலேயே தாண்டிவிடுகிற பாலம் அது.

நான் மேலவீதிப் பக்கம் சின்னதாக ஒரு லேடீஸ் டைலர் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர். கல்யாணமாகி வந்தது சிதம்பரம். வீட்டில் எனக்கு 'கேன்சல் கம்பெனி' என்று பட்டப்பெயர். வைத்த புண்ணியவான் என் வீட்டுக்காரர். காரணம் இல்லாமல் இல்லை. நான் ஊட்டிக்குத் திட்டம் போட்டால் அங்கே மண் சரியும். கொடைக்கானலுக்குப் போட்டால் பங்காளி வீட்டில் யாராவது காலமாகித் தீட்டு வந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பிச்சாவரத்துக்குக் கிளம்பினோம், அன்றைக்குப் பார்த்துப் படகை நிறுத்திவிட்டார்கள். கட்டுச்சோற்றை வீட்டுக்கே திருப்பி எடுத்து வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்படிப்பட்ட நான் துபாய்க்குத் திட்டம் போட்டது என் நாத்தனாருக்காக. என் வீட்டுக்காரரின் தங்கை. கடலூரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், திருப்பாதிரிப்புலியூரில் தனியாக வாடகை வீடு எடுத்துத் தன்பாட்டுக்கு ராணி மாதிரி இருந்தாள். அதற்கு முந்தைய வருஷம் மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் என்று எல்லாமே புதுச்சேரி ஆஸ்பத்திரியில். அதற்காகச் சிதம்பரத்துக்கு எங்களோடு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது நான்தான். கடையைப் பூட்டிவிட்டுப் போவேன். சாப்பிட முடியாமல் அவள் வாந்தி எடுக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். எங்களுக்குள் அண்ணி, நாத்தனார் என்ற முறைப்பெல்லாம் அந்த வார்டில் கரைந்து போய்விட்டது.

சிகிச்சை முடிந்தது. பள்ளிக்கும் திரும்பினாள். நின்று பாடம் நடத்தத் தெம்பு இல்லை என்று லைப்ரரியைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். சிதம்பரத்திலிருந்தே தினமும் போய் வந்தாள். கடலூர் வீட்டைக் காலி செய்யவும் இல்லை, அங்கே திரும்பிப் போகவும் இல்லை. உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவள் பேச்சில் ஒன்று காணாமல் போயிருந்தது. அடுத்த வாரம், அடுத்த மாசம், தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று எதுவும் அவள் வாயில் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

"பாப்போம் அண்ணி."

பொங்கலுக்கு என்ன கலரில் புடவை எடுக்கலாம் என்றால் பாப்போம். பல் டாக்டரிடம் தேதி வாங்கட்டுமா என்றால் பாப்போம். ஜனவரியில் அவளுக்கு ஒரு ஸ்கேன் இருந்தது. அந்த ஸ்கேனுக்கு அந்தப் பக்கம் உலகம் இல்லை என்பதுபோல இருந்தாள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது என்னிடம் பாப்போம் சொல்லாதே என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

கீமோ நடந்தபோது அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். எல்லாம் முடிந்ததும் எங்கே போகவேண்டும் என்று சொல், கூட்டிப் போகிறேன் என்றேன். மகாபலிபுரம் என்பாள், மிஞ்சினால் கன்னியாகுமரி என்பாள் என்று நினைத்தேன். வார்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே துபாய் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இருவது வருஷமா போர்டுல பாலைவனம் வரையறேன் அண்ணி. ஒரு பாலைவனத்தையும் பாத்ததில்ல. அதுக்கு நடுவுல எப்படி இவ்ளோ பெரிய ஊரக் கட்டுனாங்கன்னு புள்ளைங்க கேட்டா, புக்குல இருக்கறதத்தான் சொல்றேன்."

அவ்வளவுதான். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

துணி வெட்டுவதற்கு முன்னால் பிரவுன் பேப்பரில் வரைந்து பார்ப்பது என் பழக்கம். துபாயையும் அப்படித்தான் வரைந்தேன். கட்டிங் மேஜையில் பேப்பரை விரித்து, சாக்கால் நாலு கட்டம் போட்டேன். ஒரு கட்டத்தில் உயரமான கோபுரம், ஒன்றில் பாலைவனம், ஒன்றில் பழைய கடைவீதியும் படகும், கடைசியில் சும்மா சுற்றுவது. எங்களைப் போன்றவர்களுக்கு நாலு நாள் போதும். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அதில் உருப்படியானது லால்பேட்டையிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் சொன்னது. அவர் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார்.

"வெயில் காலத்துல போயிடாதீங்கக்கா, வெந்துடுவீங்க. டிசம்பர்தான் நல்லாருக்கும். கூட்டம் ஜாஸ்தி, அத ஒண்ணும் பண்ண முடியாது. மாத்திரைக்கு டாக்டர் சீட்ட கையிலயே வச்சிக்குங்க. கசகசா மட்டும் ஒரு சிட்டிகைகூட வேணாம், அங்க அது போதைப்பொருள் கேஸு."

நல்லவேளை சொன்னார். குருமாப் பொடிக்குக் கசகசா வறுத்து வைத்திருந்தேன். வெளிநாட்டுப் பயணத்தை லால்பேட்டை முஸ்லிம்கள் சபர் என்பார்கள். சபர் நல்லபடியா அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் என்றால் அரையாண்டு விடுமுறை. நாத்தனாருக்கு லீவு போடவேண்டியதில்லை. ஸ்கேனுக்கும் முன்னால் வந்துவிடும். வெயில் இல்லை, நோன்பு மாதம் இல்லை, என் கடைக்கும் பொங்கல் தையல் கழுத்தை நெரிக்காத நேரம். எல்லாப் பக்கமும் யோசித்து டிராவல்ஸில் டிக்கெட் போட்டேன். சலுகை டிக்கெட், தேதி மாற்ற முடியாது, பணமும் திரும்பாது என்றார்கள். மாற்றவே வேண்டாம் போங்கள் என்றேன். டிக்கெட்டை நாத்தனாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வழக்கம்போல் பாப்போம் என்றாள்.

மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கப் போனேன். யாரோ அதில் கோயில் திருவிழா நோட்டீஸை ஒட்டிவிட்டிருந்தார்கள். வருஷா வருஷம் ஒட்டுவதுதானே என்று கிழிக்கப் போனவள், கொடியேற்றம் என்று போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். எங்கள் விமானம் அதற்கு மறுநாள் சாயங்காலம், சென்னையிலிருந்து. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சிதம்பரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழியில் நடராஜருக்குக் கொடி ஏறி, தேரும் திருவாதிரை தரிசனமும் முடிந்துதான் கொடி இறங்கும். கொடி ஏறிவிட்டால் இறங்கும்வரை வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது எங்கள் புகுந்த வீட்டுக் கட்டு. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். இந்தக் காலத்தில் எல்லோரும் அப்படிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் பார்ப்பார்கள். ரம்ஜான் எப்போது என்று லால்பேட்டைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நான், என் வீட்டு வாசலில் இருக்கும் கோயிலின் கொடியை மறந்துபோனேன். பெரிய திட்டக்காரி.

அன்று மாலை நாத்தனார் பள்ளியிலிருந்து வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் பையை வைத்துவிட்டு நிதானமாக முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தெரியும் அண்ணி. டிக்கெட்டக் காட்டுனீங்கள்ல, அன்னைக்கே பாத்துட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது வரைக்கும் நான் இருந்தா பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நான் பயணத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறேன், அவளோ அந்தத் தேதிவரை தான் இருக்கப்போவதில்லை என்று சும்மா இருந்திருக்கிறாள். பரவாயில்லை, சாமி கோபித்துக்கொள்ளாது, போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டாள். சிகிச்சை முழுக்க அந்தக் கோயில் வாசலில் போய் நின்றவள் அவள். கட்டை மீறிப் போய்விட்டு வந்து, ஜனவரி ஸ்கேனில் ஏதாவது ஒன்று வந்தால் அவள் எதை நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால் வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. கட்டுக்கு உள்ளேயே ஒரு வழி வேண்டும். அந்த வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க என் தையல் கோணல்தான். ஒரு பெண்ணின் வளைகாப்பு ஜாக்கெட்டுக்குக் கையை இடம் வலம் மாற்றித் தைத்துத் தொலைத்தேன். அவள் வாங்க வந்தபோது அவள் எதிரிலேயே உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்கொடுத்தாள். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம், மார்கழியில் குழந்தை பிறக்குமாம். என் மகனும் மார்கழிதான் என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றது. ஊசி கையில் குத்தியதுகூடத் தெரியவில்லை.

என் மகன் காடாம்புலியூரில், என் அம்மா வீட்டில் பிறந்தான். அப்போது சிதம்பரத்தில் கொடி ஏறியிருந்தது. என் வீட்டுக்காரர் பகலில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, இரவு படுக்கச் சிதம்பரத்துக்கு ஓடுவார். நான் மட்டும் அங்கேயே இருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டபோது என் மாமியார் சொன்ன பதிலை என் வீட்டுக்காரர் வந்து சொன்னது ஞாபகம் வந்தது. ஜாக்கெட்டை நாளைக்குத் தருகிறேன் என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்பதுதான் சரி.

மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் டி.வி.யை அணைத்தேன். எங்கள் வீட்டில் இது சாதாரணக் காரியம் இல்லை.

"அத்தை, எனக்குப் புள்ள பொறந்தப்ப கொடி ஏறியிருந்துச்சே, நான் எங்க ஊர்லதானே ராத்தங்குனேன். அப்ப நீங்க என்னா சொன்னீங்க?"

மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னா சொன்னேன். கொடி ஏறக்குள்ளயே நீ வெளியூர்ல இருந்த. ஏறும்போது ஊர்ல இருந்தவங்களுக்குத்தான் கட்டுன்னு சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்தது. அது பிரசவம், இது ஊர் சுத்தறது என்றார். கட்டு ஒன்றுதானே அத்தை என்றேன். அவர் தன் மகளைப் பார்த்தார். நாத்தனார் கீரையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கடைசியில் மாமியார் தீர்ப்புச் சொன்னார்.

"வெள்ளாறுதான் நம்ம ஊரு எல்லை, கொடி ஏறும்போது ரெண்டு பேரும் அதத் தாண்டியிருக்கணும். ஒருத்தி தாண்டலைன்னாலும் ரெண்டு பேரும் திரும்பி வந்துடணும். நடுவுல ஊருக்குள்ள கால் வச்சிட்டா மறுபடி வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. இப்ப டி.வி.யப் போடு."

கொடியேற்றம் காலையில். ஆகவே முதல்நாள் மாலையே கிளம்பி, நாத்தனாரின் கடலூர் வீட்டைத் திறந்து தங்கிக்கொள்வது, அங்கிருந்து விமானத்தன்றைக்குச் சென்னை போவது என்று பேசினோம். சாவியை எங்கே வைத்தேன் என்று அவள் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பாப்போம் என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

கிளம்பவேண்டிய நாள் வந்தது. மழையும் வந்தது. கடலூர் ஜில்லாவில் மார்கழி மழை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதியத்திலிருந்து வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கரண்ட் போனது. கட்டிவைத்த பெட்டிகளோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கடலூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். புதுச்சத்திரம் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஓடுகிறதாம். இவர் வந்தது கடைசி பஸ். இனிமேல் விடவில்லை என்றார்.

"சரி, கேன்சல் கம்..." என்று ஆரம்பித்தவர் தங்கையைப் பார்த்தார். அவள் பெட்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த வார்த்தையை முடிக்கவே இல்லை. அத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான் அவர் பாதியில் நிறுத்தியது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "காலையில ஆட்டோவச் சொல்றேன். பாலத்தத் தாண்டுனா போதும்ல. நான் கோயில்ல கொடிமரத்துகிட்ட போயி நிக்கறேன், போன்ல சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க போங்க" என்றார். அவர்மேல் இருந்த பழைய கணக்கெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் தீர்ந்துபோனது.

விடியும்போது மழை தூறலாகியிருந்தது. தெரிந்த ஆட்டோக்காரர்தான். இதற்குள் கொடியேற்றத்துக்கு ஜனங்கள் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் பெட்டிகளோடு எதிர்ப்பக்கம் போனோம். தெரிந்த முகங்கள் எல்லாம் இந்த நேரத்தில் எங்கே என்று பார்த்தன. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கீழே இருந்த தண்ணீரையும் ஆட்டோவின் முன்சக்கரத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் என் வீட்டுக்காரர் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். பூஜை நடக்குது. கொடிய எடுத்துட்டு வந்துட்டாங்க. இப்ப தீபாராதனை. நான் ஆட்டோக்காரரை விரட்டினேன். அவர் என்னைவிட வேகமாகத்தான் போனார். பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் இறங்கிய ஆட்டோ இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

"சைலன்சர்ல தண்ணி பூந்துடுச்சிக்கா. பெட்டிங்கள நான் எடுத்தாறேன், நீங்க எறங்கி நடங்க."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே நாத்தனார் தண்ணீரில் குதித்துவிட்டாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவள், லைப்ரரி நாற்காலியே கதி என்று இருந்தவள், பாலத்தில் ஏறி ஓடிக்கொண்டே இருந்தாள். நான் முட்டிவலிக்காரி, பின்னால் விழுந்தடித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் போன லாரிக்காரர் ஹாரன் அடித்து வேடிக்கை பார்த்தார்.

கீமோவில் போன முடி அவளுக்கு மறுபடி வளர்ந்திருந்தது. பையன் கிராப் மாதிரி குட்டையாக இருக்கும். அது வெளியே தெரிய வெட்கப்பட்டு எப்போதும் தலையில் ஒரு துணி கட்டியிருப்பாள். அது ஓட்டத்தில் அவிழ்ந்து விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தைக்கிறவள் புத்தி என்னுடையது. என் கையால் ஓரம் அடித்துக் கொடுத்த துணி, ஈர ரோட்டில் கிடக்கிறதே என்று நடுப் பாலத்தில் நின்று குனிந்தேன். போனில் மேளம் ஒரேயடியாக முழங்கியது. கூட்டத்தின் சத்தத்தோடு என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"ஏறிடுச்சி. கொடி ஏறிடுச்சி. எங்க இருக்கீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். நாத்தனார் அந்தக் கரையில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். தூறலில் தலை நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தாண்டிவிட்டாள். நான்தான் தாண்டவில்லை. ஒரு துண்டுத் துணிக்காக நான் நடு ஆற்றில் நிற்கிறேன், மாமியாரோ ஒருத்தி தாண்டாவிட்டாலும் இரண்டு பேரும் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நாத்தனாருக்குத் தெரிந்த பொய்யாகிவிடுமே, அதனால் பிரயோஜனம் இல்லை. உங்கள் தங்கச்சி தாண்டிவிட்டாள், நான் நடுப் பாலத்தில் இருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவரை வைக்கச் சொல்லிவிட்டு மாமியாருக்குப் போன் போட்டேன். நாத்தனார் கையை இறக்கிவிட்டு அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கீழ தண்ணி ஓடுதா?"

"ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுது அத்தை."

"அப்ப நீ ஊர்ல இல்ல, ஆத்து மேல இருக்க. ஆத்துக்கு ஏதுடி கட்டு. போயிட்டு வாங்க."

நான் போனை உயர்த்திப் பிடித்து, போயிட்டு வரச் சொல்லிட்டாங்க என்று கத்தினேன். அந்தக் கரையிலிருந்து நாத்தனார் விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது அவளுக்கு அண்ணியாக வந்து இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மிச்சப் பாலத்தை நான் கல்யாணப் பெண் மாதிரி மெதுவாக நடந்து தாண்டினேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோவும் உயிர் வந்து பெட்டிகளோடு வந்து சேர்ந்தது. புதுச்சத்திரத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. கடலூர் வீட்டைத் திறந்தபோது ஒட்டடையும் பூட்டிய வாசனையும் அடித்தன. நாத்தனார் முந்தானையைச் செருகிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள். நாளைக்கு வெளிநாடு போகிறவள் வீடு பெருக்குகிறாளே என்று நினைத்தேன், தடுக்கவில்லை.

துபாய் நான் பிரவுன் பேப்பரில் வரைந்தபடியே நடந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. எதுவும் கேன்சல் ஆகவில்லை. ஓட்டுநரே இல்லாத ரயிலில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி வேடிக்கை பார்த்தோம். பழைய கடைவீதியிலிருந்து மரப்படகில் அக்கரைக்குப் போனோம். அது நம்ம பிச்சாவரம் படகு மாதிரிதான். வருஷங்கள் கழித்துப் பாக்கியை வசூல் பண்ணிவிட்டேன் என்று வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பினேன். உயரமான கோபுரத்தில் லிஃப்ட் ஏறும்போது காது அடைத்தது. மேலே போய்ப் பார்த்தால் ஊரே தீப்பெட்டி அடுக்கியதுபோல் கிடந்தது. ஊர் முடிகிற இடத்தில் மணல்.

அந்த மணலுக்கும் போனோம். ஜீப்பில் குலுக்கி எடுத்துக்கொண்டு போய் ஒரு மேட்டில் இறக்கிவிட்டார்கள். சாயங்கால வெயில். மற்றவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நாத்தனார் மேட்டின் உச்சிக்கு ஏறினாள். தலையில் துணி இல்லை. பாலத்தில் விழுந்ததைத் துவைத்துக் காயவைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன், அவள் கேட்கவே இல்லை. உச்சியில் நின்றவள் திடீரென்று கையை நீட்டி உரக்கப் பேச ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க. இதான் பிறை வடிவ மணல்மேடு. காத்து இந்தப் பக்கம் இருந்து வருது. அதனால இந்தப் பக்கம் சரிவு மெதுவா இருக்கு, அந்தப் பக்கம் செங்குத்தா இருக்கு. மேடு நிக்கற மாதிரி தெரியுது, ஆனா நகந்துகிட்டே இருக்கு."

கேட்க நான் ஒருத்திதான். ஆனால் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் அது. நோய் வந்ததிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒரு வார்த்தையும் புரியாமல் நின்று கவனித்தார்கள். முடித்ததும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அழுதுகொண்டுதான் தட்டினேன், அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

தேருக்கு முன்பே ஊர் திரும்பினோம். வாசலில் கால் வைத்ததும் மாமியார் ஆரத்தி எடுக்கவில்லை, சட்டம்தான் பேசினார். உள்ளே வந்துவிட்டீர்கள், இனிமேல் கொடி இறங்கும்வரை ராத்தங்க எங்கேயும் நகரக் கூடாது என்றார். கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைத் தெரு முழுக்கக் கொடுத்தவரும் அவர்தான். மருமகள் ஆற்றின் நடுவில் நின்ற கதையையும் பழத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

தேரன்றைக்கு வெயில் அடித்தது. நானும் நாத்தனாரும் வடம் பிடிக்கப் போனோம். தெற்குவீதி முழுக்க ஜனங்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தோம். தேர் கொஞ்சம் நகர்ந்து நின்றது, மறுபடி நகர்ந்தது. நின்ற நேரத்தில் அவள் தலையை என் பக்கம் சாய்த்து, சத்தத்துக்கு நடுவில் காதோடு சொன்னாள்.

"அண்ணி, அடுத்த வருஷம் கொடி என்னைக்கு ஏறுதுன்னு இப்பவே பாத்து வைங்க. டிக்கெட்ட அதுக்கு முன்னாடி போடுவோம்."

சரி சரி என்று சொல்லிவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தேன். தேர் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது என் மண்டையில் ஏறியது. அடுத்த வருஷம். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சும்மா சொல்லிவிட்டு, முகமெல்லாம் வியர்வையோடு வடத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் ஸ்கேன் நல்லபடியாக வந்தது. அவள் கடலூர் வீட்டுக்கே திரும்பிவிட்டாள், வகுப்பும் எடுக்கிறாள். எல்லோரும் ஸ்கேன் வந்த நாளைத்தான் பெரிய நாள் என்கிறார்கள், எனக்கு அப்படி இல்லை. முடிவு கைக்கு வரும் முன்பே, தெற்குவீதி நடுவில், அவள் தன் வாயால் ஒரு வருஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊருக்குப் போகத் தேதி குறிப்பது என்றால் அந்தத் தேதிக்கு நாம் இருப்போம் என்று சொல்வதுதான் என்பது அவளால்தான் எனக்குத் தெரிந்தது. இப்போதும் கடலூர் பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது நான் தூங்குவதில்லை, எந்த இடத்தில் குனிந்தேனோ அந்த இடம் வரும்வரை காத்திருந்து, அடுத்த வருஷத்துக்கு எங்கே போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறேன்.